பழவேற்காட்டுக்குத் தேவை புல்வெளியா, முகத்துவாரமா?

ஏரிக்கரையில் கோல்ஃப் மைதானத்தோடு சொகுசு விடுதி என்பது உலகெங்கும் விலைபோகும் சுற்றுலாச் சரக்கு. சுண்ணாம்புக்குளம் கரைக்கு அது ஏன் ஒத்துவராது, எது ஒத்துவரும்?

விடுமுறையில் காரெடுத்து ஊர் ஊராகச் சுற்றுகிறவர்களுக்கு எல்லா நாடுகளிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி விற்கப்படும் இன்பம் ஒன்று இருக்கிறது. ஏரியைப் பார்த்த பால்கனி. அதற்கும் தண்ணீருக்கும் நடுவே மரங்களும் சீராக வெட்டிய புல்லுமாக ஒரு கோல்ஃப் மைதானம். காலையில் பதினெட்டு குழி ஆட்டம், மாலையில் படகுச் சவாரி. காஷ்மீரில் தால் ஏரிப் பக்கம் ராயல் ஸ்பிரிங்ஸ் மைதானம் இருக்கிறது. இலங்கையில் கண்டிக்குக் கிழக்கே விக்டோரியா நீர்த்தேக்கக் கரையில் ஒரு முழு விடுதியே இருக்கிறது. சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போய், கும்மிடிப்பூண்டி தாண்டி, கிழக்கே ஏரிப் பக்கம் திரும்பினால் வரும் சுண்ணாம்புக்குளத்தையும் அதைச் சுற்றியுள்ள மீனவ ஊர்களையும் வரைபடத்தில் பார்க்கிற எந்த முதலீட்டாளருக்கும் இதே யோசனை தோன்றலாம். சமதளம், பரந்த நீர், குளிர்காலத்தில் பூநாரைகள், பக்கத்திலேயே பெருநகரம். இந்த யோசனையைக் கசப்பில்லாமல், கணக்கோடு பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் கிடைக்கும் முடிவு தெளிவானது: பழவேற்காடு ஏரிக்குக் கரையும் தண்ணீரும் வேறு வேறல்ல. கரையைத் தனியார் புல்வெளியாக்கினால், ஒரு சொட்டு நீரைத் தொடாமலேயே மீன்பிடிப்பை முடித்துவிடலாம். இங்கே சுற்றுலா வரவேண்டும். ஆனால் அது மீனவர் வகுக்கும் வரம்புக்குள் வரவேண்டும்.

காலியாகத் தெரியும் கரை

சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. சுமார் 60 கிலோமீட்டர் நீளம். பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்பகுதி தமிழ்நாட்டில். தெற்கே ஆரணி ஆறும் வடமேற்கே காளங்கி ஆறும் நன்னீர் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியாக வங்கக் கடல் உப்புநீர் தருகிறது. நீர் நிறைந்த காலத்தில் 450 சதுர கிலோமீட்டர் வரை விரியும் ஏரி, வற்றும்போது 250-க்கு அருகே சுருங்கிவிடும். சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான். இந்த ஆழமின்மைதான் ஏரியின் செல்வம். கடலில் பிறக்கும் இறால் குஞ்சுகள் ஓதத்தோடு உள்ளே வந்து, ஓரத்துக் கடற்புல்லிலும் பாசியிலும் ஒளிந்து வளர்ந்து, பெருத்த பிறகு கடலுக்குத் திரும்புகின்றன. மடவை, கிழங்கான், பால்மீன் குஞ்சுகளுக்கும் இதே ஓரம்தான் வளர்ப்பிடம். பூநாரை தலைகீழாக அலகை வைத்து இரை அலசுவதும் முழங்கால் அளவுச் சேற்று நீரில்தான். அழகுக்காகக் கரையைக் கல்வைத்துக் கட்டி, படகு போக ஓரத்தை ஆழப்படுத்துவது எல்லா ஏரி விடுதிகளும் முதலில் செய்கிற வேலை. இந்த ஏரியில் அந்த வேலை விழும் இடம் மீன்களின் தொட்டில்.

மனிதர்களுக்கும் இந்த ஓரம் வெற்றிடம் கிடையாது. ஏரியில் இறால் பிடிக்கும் இருளர் பலர் வலை வைத்திருப்பதில்லை. பனையோலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தாழ்ந்து, இரு கைகளாலும் சேற்றைத் தடவித் தடவி, அகப்படும் இறாலைப் பறிக்குள் போடுகிறார்கள். படகு வேண்டாம், டீசல் வேண்டாம், கடன் வேண்டாம். வேண்டியது கரையிலிருந்து நீருக்குள் இறங்க ஒரு வழி மட்டும். பெண்கள் கருவாடு காயவைப்பதும், மீன் தரம் பிரித்து ஏலத்துக்கு எடுப்பதும், ஆண்கள் வலை உலர்த்திப் பொத்தல் அடைப்பதும் இதே கரையில். கோடையில் வடபகுதியில் நீர் பின்வாங்கும்போது, மீன்பிடிக்கும் இடமும் நகர்கிறது. கரை என்று நாம் கோடு போடும் இடத்தை ஏரி ஆண்டுக்கு ஆண்டு மாற்றிப் போடுகிறது. கம்பி வேலி நகராது. வேலிக்கு உள்ளே போன கரை, ஏரியே திரும்பி வந்தாலும் மீனவருக்குத் திரும்பாது.

நீருக்குள்ளும் அப்படித்தான். பழவேற்காட்டில் தலைமுறைகளாக இருக்கும் பாடு முறை, எந்த ஊரார் எந்த நாளில் எந்த இடத்தில் சுத்து வலை கட்டலாம் என்று முறை வைத்துப் பிரித்துத் தருகிறது. நல்ல இடம் ஒருவருக்கே நிலையாகப் போய்விடக் கூடாது, கெட்ட இடம் ஒருவர் தலையிலேயே விழக் கூடாது என்பது அதன் சாரம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு வெறும் நீர்ப்பரப்பாகத் தெரிவது, உள்ளே நாள்கணக்கும் உரிமைக்கணக்கும் போட்ட வயல். அந்த நீரில் விடுதியின் மோட்டார் படகு ஒரு வழித்தடம் கேட்டால், அந்த வழித்தடம் யாரோ ஒருவருடைய பாட்டின் மேல்தான் போகும்.

புல் குடிக்கும் தண்ணீர்

கோல்ஃப் ஸ்காட்லாந்துக் கடற்கரை மணல்மேடுகளில் தொடங்கிய ஆட்டம். அங்கே புல் தானாக முளைத்தது, ஆடுகள் மேய்ந்து குட்டையாக்கின, மழை பார்த்துக்கொண்டது. மரங்களும் பசும்புல்லும் நிறைந்த பூங்கா வகை மைதானம் பிறகு உள்நாட்டு எஸ்டேட்டுகளின் ரசனையில் வளர்ந்தது. ஆண்டு முழுக்க மழை தூறும் நாட்டில் அதற்குச் செலவு குறைவு. திருவள்ளூர் மாவட்டக் கடலோரத்தில் மழையின் பெரும்பங்கு அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். சுற்றுலாப் பயணிகள் வரும் ஜனவரி தொடங்கி ஜூன் வரை புல்லுக்கு மனிதர்தான் தண்ணீர் விட வேண்டும்.

எவ்வளவு தண்ணீர்? ஒரு பதினெட்டு குழி மைதானத்துக்கு 120 முதல் 150 ஏக்கர் நிலம் பிடிக்கும். அதில் சுமார் 75 ஏக்கர், அதாவது 30 ஹெக்டேர் மட்டும் பாசனம் பெறுகிறது என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். கோடையில் புல் ஒரு நாளில் ஆவியாக்கும் நீரை 5 மில்லிமீட்டர் என்றும் அடக்கமாகவே வைப்போம். ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் 10,000 லிட்டர். பெருக்கினால் நாளொன்றுக்கு 15 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் அளந்தால் தினம் 125 லாரி. ஜல் ஜீவன் திட்டம் கிராமத்து மனிதர் ஒருவருக்கு நிர்ணயித்த அளவு நாளுக்கு 55 லிட்டர். அந்தக் கணக்கில் 27,000 பேருக்குக் குடிநீர். அறைகள், நீச்சல் குளம், சமையல், சலவை எல்லாம் இதற்கு மேல்.

அந்தத் தண்ணீர் நிலத்தடியிலிருந்து வருமானால் அதன் விலை என்ன என்பதை இந்த வட்டாரம் ஏற்கெனவே அறியும். ஏரிக்குத் தெற்கே மீஞ்சூர் பகுதியில் சென்னைக்காகவும் பாசனத்துக்காகவும் ஆழ்குழாய்க் கிணறுகள் இறைத்த இறைப்பில், 1969-ல் சுமார் 3 கிலோமீட்டர் உள்ளே வந்திருந்த கடல்நீர் 1987-க்குள் 9 கிலோமீட்டர் வரை ஏறிவிட்டது. இதில் மர்மம் ஒன்றும் இல்லை. கடலோர மணலில் நன்னீர், கனமான உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், அது கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழத்துக்கு உப்புநீரை அழுத்தி வைத்திருக்கும். மேலே ஒரு மீட்டர் இறைத்து எடுத்தால் கீழே உப்பு அதே விகிதத்தில் எழும். எழுந்த உப்பு ஒரு நல்ல மழையில் இறங்கிவிடாது. ஆழமாகத் துளையிட வசதியுள்ள விடுதி தாக்குப்பிடிக்கும். பக்கத்து ஊரின் கைப்பம்பு முதலில் உவர்க்கும். கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் விடுதிகள் நிலத்தடி நீர் எடுக்கக் கூடாது என்பது இதனால்தான்.

சுத்திகரித்த கழிவுநீரைக் கொண்டு புல் வளர்க்கலாமே என்பது நியாயமான கேள்வி. நகரங்களில் அது சரியான வழி. ஆனால் ஒருவருக்கு 55 லிட்டர் கிடைக்கும் ஊரில் 44 லிட்டர்தான் கழிவாகத் திரும்பும். நாளுக்கு 15 லட்சம் லிட்டர் சேர 30,000-க்கும் மேற்பட்டவர்களின் வீடுகள் பாதாளச் சாக்கடையில் இணைந்திருக்க வேண்டும். ஏரியோரக் குப்பங்களில் அப்படி ஒரு கட்டமைப்பு இல்லை. இருந்தாலும், அந்த நீரில் கரைந்த தழைச்சத்தும் மணிச்சத்தும், புல்லுக்கு மேலும் இடும் உரமும், பூச்சிமருந்தும் கடைசியில் வடிவது ஒரு மீட்டர் ஆழமுள்ள ஏரிக்குள். ஸ்பெயினின் மார் மேனோர் இதற்குப் பாடம். அதுவும் கடலோர உப்பங்கழி. அதன் கரையிலும் 1970-களிலிருந்து கோல்ஃப் விடுதிகளும் விடுமுறை வீடுகளும் எழுந்தன. அங்கே பெருங்குற்றவாளி சுற்றியுள்ள தீவிர விவசாயத்தின் நைட்ரேட் என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் பாசி பெருகி, உயிர்வளி தீர்ந்து, 2019-லும் 2021-லும் மீன்கள் டன் கணக்கில் கரை ஒதுங்கியபோது விடுதிகளின் வியாபாரமும் சேர்ந்தே சரிந்தது. 2022-ல் ஸ்பெயின் அந்த ஏரிக்கே சட்டப்படி உரிமையுள்ள நபர் என்ற தகுதியைக் கொடுக்க நேர்ந்தது. ஆழமில்லாத ஏரி உரத்தை மன்னிக்காது. அது வயலிலிருந்து வந்ததா புல்வெளியிலிருந்து வந்ததா என்று பார்க்கவும் செய்யாது.

கண்டியில் முடிந்தது இங்கே ஏன் முடியாது?

விக்டோரியா விடுதியை எடுத்துக்காட்டாகச் சொல்வோர் உண்டு. அழகான இடம்தான். ஆனால் அது எந்த ஏரி? மகாவலித் திட்டத்தில் 122 மீட்டர் உயர அணை கட்டி 1985-ல் திறக்கப்பட்ட நீர்த்தேக்கம். தெல்தெனிய பழைய ஊர் அந்த நீருக்கடியில் போனது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. விடுதி வந்தபோது அங்கே பறிப்பதற்கு ஒரு பழைய கரை இருக்கவில்லை, ஏனென்றால் கரையை அணை முன்பே பறித்திருந்தது. மைதானம் அமைந்தது பழைய தோட்டநிலத்தில். இரண்டு பருவமழையும் எட்டுகிற மலைநாட்டில். ஓதம் ஏறி இறங்காத நன்னீர் ஓரத்தில். பழவேற்காட்டில் இந்த மூன்றும் தலைகீழ். ஒரு நீர்த்தேக்கக் கரையில் பொருந்தியதை, வாழும் உப்பங்கழிக்கு அப்படியே பெயர்த்து நட முடியாது.

பழவேற்காட்டுக்கு உண்மையான ஒப்புமை கேரளத்தின் வேம்பநாட்டில் இருக்கிறது. அங்கே நெடியதுருத்து தீவில் காப்பிகோ நிறுவனம் 54 வில்லாக்களோடு சொகுசு விடுதி கட்டியது. எதிர்த்து நீதிமன்றம் போனவர்களில் அந்த நீரில் ஊன்றிவலை கட்டிப் பிழைத்த மீனவர்கள் முன்னணியில் இருந்தார்கள். கடற்கரை ஒழுங்குமுறை விதிகளை மீறிய கட்டுமானம் என்று கேரள உயர் நீதிமன்றம் சொன்னதை 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. 2022 செப்டம்பரில் இடிப்பு தொடங்கியது. பெரும் பணம் போட்டுக் கட்டிய வில்லாக்கள் விருந்தினருக்குத் திறக்கப்படாமலேயே இடிபாடாயின. ஆக, ஏரியோரத்தைத் தவறாகக் கணித்தால் மீனவருக்கு மட்டுமல்ல, முதல் போட்டவருக்கும் நட்டம்.

பழவேற்காட்டைப் பொறுத்தவரை சட்டத்தின் குரல் இன்னும் பழையது. காந்தியர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த இறால் பண்ணை வழக்கில் 1996 டிசம்பர் 11-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சிலிக்கா ஏரியையும் பழவேற்காடு ஏரியையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் வளர்ப்புக் குளங்கள் கூடாது என்றது. அந்தத் தீர்ப்பு எழுதிய நீதிபதி குல்தீப் சிங் அதே வாரத்தில், இமாசலத்தில் பியாஸ் ஆற்றோரம் ஒரு விடுதிக்கு அரசு கொடுத்த நிலக் குத்தகையை ரத்து செய்து, ஆறும் ஏரியும் கரையும் மக்களுக்காக அரசு அறங்காவலராக வைத்திருக்கும் சொத்து என்று நிறுவினார். இறால் வளர்ப்புக்கு 2005-ல் தனிச் சட்டம் வந்து நிலைமை மாறியது உண்மை. ஆனால் அறங்காவலர் கோட்பாடு மாறவில்லை. அறங்காவலர் சொத்தைக் காக்கலாம். பங்கு போட்டுக் கொடுக்க முடியாது. தமிழ்நாட்டுப் பகுதி 1980-லிருந்து பறவைகள் சரணாலயமாகவும் இருப்பதால் அந்தப் பொறுப்பு இரட்டிப்பாகிறது.

எதிர்வாதங்களுக்குப் பதில்

முதல் எதிர்வாதம் வேலை. விடுதி வந்தால் தோட்டவேலை, காவல், சமையலறை, அறை பராமரிப்பு என்று இளைஞர்களுக்குச் சம்பளம் கிடைக்கும் என்பதை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. மீன்பாடு குறைந்து, பிள்ளைகள் கும்மிடிப்பூண்டி தொழிற்சாலைகளுக்கு ஒப்பந்த வேலைக்குப் போகும் காலத்தில் மாதச் சம்பளம் பெரிய விஷயம். ஆனால் கணக்கை முழுதாகப் போட வேண்டும். விடுதி தருவது இளம் வயதினர் சிலருக்கான வேலை. கரை தருவது கை தடவும் இருளர் பெண்ணுக்கும், வயதான வலைக்காரருக்கும், மீன் விற்கும் விதவைக்கும், யாரிடமும் விண்ணப்பம் போடாமல் கிடைக்கும் பிழைப்பு. முன்னதைப் பெறப் பின்னதை இழக்க வேண்டியிருந்தால், இழக்கிறவர்களும் பெறுகிறவர்களும் ஒரே ஆட்களாக இருக்க மாட்டார்கள். அந்த இடைவெளியை எந்த முதலீட்டு ஒப்பந்தமும் எழுதுவதில்லை.

இரண்டாவது எதிர்வாதம்: அனல்மின் நிலையத்தையும் துறைமுகத்தையும் விடப் புல்வெளி மேல். ஒப்பீட்டில் உண்மைதான். ஆனால் இந்த ஏரி ஒவ்வொரு முறையும் இந்த ஒப்பீட்டால்தான் தோற்றது. ராக்கெட் தளத்துக்காக ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். காட்டுப்பள்ளியில் துறைமுகத்துக்காக ஒரு குப்பமே நகர்ந்தது. மேற்குக் கரையில் இறால் குளங்கள் வந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் தாங்கக்கூடியது, நாட்டு நலனுக்கானது; கூட்டிப் பார்த்தால் கரை எஞ்சவில்லை. அடுத்து வருவதை முன்பு வந்ததோடு ஒப்பிடுவது சரியான அளவுகோல் ஆகாது. இன்னும் எவ்வளவு கரை மிச்சம் என்பதுதான் அளவுகோல்.

மூன்றாவது கூரியது: மீனவர் முறையே நீதியானதா? பாடு உரிமை சில ஊர்களுக்கும் ஒரு சமூகத்தின் ஆண்களுக்கும் உரியது. இருளருக்கும் தலித் மக்களுக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. இந்தக் குறை உண்மை, அதை மூடிமறைத்து மரபைக் கொண்டாடுவது தவறு. ஆனால் குறையுள்ள பொது உரிமையை வழக்காலும் பேச்சாலும் விரிக்க முடியும். பல பத்தாண்டுகளாக இந்த ஏரியில் அந்தப் போராட்டம் நடந்துதான் வருகிறது. குத்தகைக்குப் போன தனியார் உரிமையை விரிக்க முடியாது. குத்தகை முடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான். கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தை நினைத்துப் பாருங்கள். 1940-களில் கொடுத்த 99 ஆண்டுக் குத்தகை. நடுவே கோல்ஃப் மைதானம். 160 ஏக்கரை மீட்க அரசு 2024 செப்டம்பரில் நடவடிக்கை எடுத்து, அங்கே பூங்காவும் மழைநீர்க் குளங்களும் திட்டமிட்டபோது விவகாரம் நீதிமன்றங்களுக்குப் போனது. சென்னையில் புல்வெளியை நீர்நிலையாக்கப் பாடுபடும் அரசு, 60 கிலோமீட்டர் வடக்கே நீர்நிலையோரத்தைப் புல்வெளியாக்கத் துணைபோவதில் பொருளில்லை.

விருந்தினர் எப்படி வரவேண்டும்?

மறுப்பதோடு நின்றால் வாதம் அரைகுறை. பழவேற்காட்டுக்குச் சுற்றுலா வேண்டும். டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கெல்டிரியா கோட்டையின் சிதைவு, செதுக்குக் கல்லறைகள், குளிர்காலப் பறவைகள், சுடச்சுட நண்டுக் குழம்பு எல்லாம் இருக்கும் ஊருக்கு மக்கள் வரத்தான் செய்வார்கள். ஒழுங்கில்லாமல் வந்தால் என்ன ஆகும் என்பதையும் ஏரி காட்டியிருக்கிறது. 2011 கிறிஸ்துமஸ் நாளில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். உயிர்காப்பு உடை இருந்திருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள். அதன்பின் வந்த படகுத் தடை ஆபத்தைக் குறைத்தது, ஆனால் நல்ல வழியைத் திறக்கவில்லை.

நல்ல வழிக்குச் சிலிக்காவே முன்மாதிரி. முகத்துவாரம் தூர்ந்து மீன்பாடு சரிந்திருந்த அந்த ஏரியில் 2000 செப்டம்பரில் கடலுக்குப் புதிய வாய் வெட்டினார்கள். உப்பின் அளவு சீரானது, மீனும் இறாலும் திரும்பின. ஆபத்திலுள்ள ஈரநிலங்களின் சர்வதேசப் பட்டியலிலிருந்து 2002-ல் சிலிக்கா நீக்கப்பட்டது. அதே ஏரியின் மங்களஜோடி ஊரில், ஒருகாலத்தில் பறவைகளை வேட்டையாடியவர்கள் இன்று துடுப்புப் படகில் பயணிகளை அழைத்துப்போய் அதே பறவைகளைக் காட்டுகிறார்கள். எந்த வாய்க்காலில் எப்போது போகலாம், எவ்வளவு நெருங்கலாம் என்று தீர்மானிப்பது அவர்கள். 2018-ல் ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பு அந்த முயற்சிக்கு விருது கொடுத்தது. இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் கவனிக்க வேண்டும்: ஏரிக்கு உயிர் வந்ததால்தான் காட்டுவதற்கு ஏதோ இருந்தது.

பழவேற்காட்டில் முதலில் பணம் போக வேண்டிய இடமும் முகத்துவாரம். மணல் அடைத்தால் ஓதம் நின்றுபோகும், கடல்மீன் உள்ளே வராது, படகு வெளியே போகாது. இருபுறமும் கல்சுவர் எழுப்பி அதை நிரந்தரமாகத் திறந்து வைக்க மீனவர்கள் பல ஆண்டுகள் கேட்டு, அரசு சுமார் 27 கோடி ரூபாய் ஒதுக்கியது. சுவர் கட்டிவிட்டால் வேலை முடிந்துவிடாது. ஆண்டுதோறும் தூர்வாரவும், உப்பின் அளவைக் கண்காணிக்கவும் தொடர் நிதி வேண்டும். சுற்றுலா வருமானத்தில் ஒரு பங்கை இதற்கென்றே ஒதுக்கலாம்.

அடுத்து வரம்புகள். தங்குமிடம் ஏரியோரத்தில் கட்டப்படாமல் பழவேற்காடு, ஆரம்பாக்கம், சுண்ணாம்புக்குளம் ஊர்களுக்குள்ளேயே, வீட்டு அறைகளாகவும் சிறு விடுதிகளாகவும் இருக்கட்டும். வாடகை ஊருக்குள் சுழலும், குடிநீர் ஊர்க் கணக்குக்குள் அடங்கும். படகுகளுக்கு உரிமம் மீனவக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் இருளர் சங்கங்களுக்கும் மட்டும். படகோட்டுவோருக்குப் பயிற்சி, ஆளுக்கொரு உயிர்காப்பு உடை, தலை எண்ணி ஏற்றும் கட்டாயம். பறவைக் காலத்தில் இரைதேடும் இடங்களில் மோட்டாருக்குத் தடை. பாடு நடக்கும் நாள்களில் அந்த நீரில் பயணிகள் படகு கிடையாது. இவற்றை முடிவுசெய்யும் குழுவில் மீனவப் பஞ்சாயத்துகளோடு இருளர்களும் பெண்களும் சரிபாதியாக உட்கார வேண்டும். பழைய முறையின் குறையைத் தீர்க்கப் புதிய வருமானத்தை விட நல்ல வாய்ப்பு வராது.

இதெல்லாம் கோல்ஃப் விடுதியைப் போல விளம்பரப் படத்தில் எடுபடாது. முதல் ஆண்டிலேயே பெரிய வருமானமும் காட்டாது. ஆனால் ஏரிக்கரை ஒருமுறை கைமாறினால் நீதிமன்றமும் இடிப்பு இயந்திரமும் இல்லாமல் திரும்பாது என்பதை வேம்பநாடு காட்டிவிட்டது. பராமரித்தால் செத்துக்கொண்டிருந்த ஏரியும் மீளும் என்பதைச் சிலிக்கா காட்டிவிட்டது. திருவள்ளூர் மாவட்ட நிர்வாகமும் சுற்றுலாத் துறையும் வனத்துறையும் செய்ய வேண்டிய முதல் காரியம் எளிது. ஏரியோரத்தில் எந்தத் திட்டம் வந்தாலும், எத்தனை மீட்டர் கரை மூடப்படும், நாளுக்கு எத்தனை லிட்டர் நீர் எடுக்கப்படும், யாருடைய பாடு பாதிக்கப்படும் என்ற மூன்று கணக்கையும் அந்த ஊர்க் கிராமசபையில் தமிழில் வைத்து ஒப்புதல் பெற வேண்டும். அந்தக் கணக்கில் தேறும் சுற்றுலாவைச் சுண்ணாம்புக்குளம் வரவேற்கலாம். தேறாததை அரசே வாசலில் நிறுத்த வேண்டும்.